மூன்றில் இரண்டு சாட்சி

பாலாவிச் சந்தியில் பெருந்தெருவை விட்டு விலகினால், கற்பிட்டித் தீபகற்பத்தின் பாதை நம்முன் நீள்கிறது. கிழக்கே புத்தளக் களப்பு, மேற்கே பெருங்கடல், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம். பார்த்த மாத்திரத்தில் பாலை என்று தோன்றும் இந்த மணலைத்தான் இங்குள்ள உழவர்கள் கிணற்று நீர் வார்த்து, வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளையும் தோட்டமாக்கியிருக்கிறார்கள். கரையோரத்தில் கடற்றொழிலாளரின் வாடிகள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் இப் புத்தளம் மாவட்டத்திலேதான். உழைப்பவனுக்கு இடங்கொடுத்த மண் இது.

ஓர் ஆகஸ்டு மாதத்தில், தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டத்தோடு கூட்டமாக நாமும் அவ்வழியே பேருந்தில் சென்றோம். நாம் சென்றது ஆலயத்துக்கன்று. நுரைச்சோலைப் பக்கத்தில் ஆசிரியராகப் பணிபுரியும் எமது பழைய மாணாக்கர் ஒருவர், பல நாட்களாக எம்மை அழைத்துக்கொண்டிருந்தார். "பௌதிகவியல் படிப்பித்த நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள், சேர்" என்று அவர் எழுதியிருந்த கடிதத்தில் ஒருவித வற்புறுத்தல் இருந்தது.

நுரைச்சோலை என்றதும் வாசகர்களுக்கு அங்குள்ள அனல்மின் நிலையம் நினைவுக்கு வரும். லக்விஜய என்று பெயர் சூட்டப்பெற்ற அந்நிலையம், சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனுதவியுடன் எழுந்தது. 300 மெகாவாற்று வலுவுடைய முதலாவது பொறி 2011ஆம் ஆண்டு மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. மூன்று பொறிகளும் முற்றுப்பெற்ற நிலையில், 2014 செப்டெம்பர் 16ஆம் திகதி, அப்போதைய இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் அதனைத் திறந்து வைத்தனர். 900 மெகாவாற்று வலுவுடன், நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இந்த ஓரிடமே தருகிறது. நாம் இக்கட்டுரையை எழுதும் மேசை விளக்கிலும் நுரைச்சோலையின் பங்கு உண்டு. இதனை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பொறியைப் பகைப்பது எமது நோக்கமன்று.

எமது மாணாக்கரின் வீடு தோட்டத்தின் நடுவே இருந்தது. அவருடைய உம்மா தேநீர் தந்து உபசரித்தார். பின்னர் எம்மை முற்றத்து வாழையடிக்கு அழைத்துச் சென்று, இலையொன்றின் மீது சுட்டுவிரலை இழுத்துக் காட்டினார். விரல்நுனி கறுத்திருந்தது.

"மாஸ்டர், சோளகம் எழும்பினா வெள்ளை உடுப்பு வெளியில காயப்போட ஏலாது. கிணத்தையும் மூடித்தான் வெச்சிருக்கோம். எனக்கு ராவையில இருமல். இதுக்கெல்லாம் படிச்ச ஆக்கள் என்ன பேர் சொல்லுவீங்க?"

நாம் விடைகூறவில்லை. மகன் உள்ளே சென்று ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். ஊரவர்கள் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய முறைப்பாட்டுக்கு வந்த மறுமொழி அது. மரியாதையான நடையில்தான் எழுதப்பட்டிருந்தது. முறைப்பாட்டுடன் அளவீட்டு ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை என்பதே அதன் சாரம்.

அளவீட்டு ஆதாரம்! அந்தச் சொற்றொடர் எம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை.

முதலில் தூளின் வரலாற்றைச் சொல்லிவிடுவோம். இந்நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி கப்பலில் வருகிறது. பெருங்கப்பல்கள் கரையை நெருங்க இயலாமையால், ஆழ்கடலில் நின்றபடி பாதைப்படகுகளுக்கு நிலக்கரியை மாற்றுகின்றன. அவை இறங்குதுறைக்குக் கொண்டு வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடவாது. எனவே கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலேயே அடுத்த பருவத்துக்கும் சேர்த்து இறக்கிக் குவித்துவிட வேண்டும். இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். குவியல் மிக உயர்ந்து நிற்கும் வேளையிலேதான் சோளகம் பிறக்கிறது. அது கடலிலிருந்து கரைநோக்கி வீசும் காற்று. அதன் வழியில் முதலில் நிற்பது நிலக்கரிக் குவியல். அதன் பின்னால் நிற்பவை கிராமங்கள். எவரும் வேண்டுமென்று செய்த சதியன்று இது. நாட்காட்டியும் காற்றும் கணக்கும் ஒன்றுகூடிச் செய்த வேலை. ஆனால், திட்டமிட்டவர்களுக்கு இந்த மூன்றும் தெரிந்தேயிருந்தன. மாம்புரிப் பக்கத்தில் 2010ஆம் ஆண்டிலிருந்து காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தக் காற்றின் வேகத்தை அளந்து கணக்கிட்ட பின்னரே அவற்றை நிறுத்தியிருப்பார்கள் அன்றோ? மின்சாரம் தரும் காற்று அளக்கப்படுகிறது. அதே காற்று தூளைச் சுமக்கும்போது மட்டும் ஆதாரம் கேட்கப்படுகிறது.

மறுநாள் எமது இன்னொரு மாணாக்கரும் அங்கு வந்து சேர்ந்தார். அனல்மின் நிலையமொன்றில் கருவித் தொழினுட்பவியலாளராகப் பணியாற்றியவர் அவர். அவரிடம் நாம் கேட்டறிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், அளத்தல் என்பது என்ன, அது யாருக்காக நடைபெறுகிறது என்னும் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அனல்மின் நிலையத்தின் கொதிகலன் மனிதன் நெருங்க முடியாத இடம். மாவாக அரைக்கப்பட்ட நிலக்கரி எரியும் உலையின் நடுவே வெப்பநிலை 1,300 பாகை செல்சியசுக்கும் மேலே செல்கிறது. 300 மெகாவாற்றுப் பொறிகளில் சுழலிக்குச் செல்லும் நீராவி ஏறத்தாழ 540 பாகையில், வளிமண்டல அமுக்கத்தைப் போல் நூற்றறுபது மடங்களவு அமுக்கத்தில் பாய்வது வழக்கம். புகையோடு பறக்கும் சாம்பல், அரத்தைப்போல் உலோகத்தை அராவுகிறது. கந்தகத்தின் அமிலம் அரிக்கிறது. உருகிய சாம்பல் குழாய்களில் பாறையாகப் படிகிறது. இத்தகைய நரகத்தினுள்ளே நடப்பதை வெளியே சொல்லுவதற்கு ஒரு கருவி வேண்டும். அதற்கு உணரி என்று பெயர்.

மிகப் பழையதும் எளியதுமான உணரி வெப்பவிணை. 1821ஆம் ஆண்டில் தோமஸ் சீபெக் என்பவர், இருவேறு உலோகங்களின் முனைகளை ஒன்றாக இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கினால் பக்கத்திலுள்ள திசைகாட்டியின் ஊசி அசைவதைக் கண்டார். சூட்டின் வேறுபாடு மின்னியக்க விசையாக மாறுகிறது. அந்தக் கண்டுபிடிப்பே இன்றும் உலகெங்கும் உலைகளின் வெப்பத்தைச் சொல்கிறது. நிக்கல் கலப்புலோகங்களாலான இணை 1,200 பாகைவரை தாங்கும். அதற்கும் மேலே பிளாற்றினமும் உரோடியமும் வேண்டும். அதாவது பொன்னைப் போன்ற விலையுள்ள கம்பிகள். புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனை அறிய சிர்க்கோனியா என்னும் மட்பாண்டப் பொருள் பயன்படுகிறது. அதனை 700 பாகையளவுக்குச் சூடாக்கினால் ஒட்சிசன் அயன்கள் அதனூடே நகரும். இருபுறத்துக் காற்றின் வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படும். இந்த ஒட்சிசனை ஏன் அளக்கிறார்கள்? காற்று குறைந்தால் நிலக்கரி முற்றாக எரியாது. காற்று மிகுந்தால் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும். இரண்டும் நட்டம். எனவே அளக்கிறார்கள்.

இவையும் போதாமல், நீலமணியால் ஒளியிழை செய்து உலைக்குள் நுழைக்கவும், சாதாரண சிலிக்கன் செயலிழந்துவிடும் சூட்டிலும் இயங்கக்கூடிய சிலிக்கன் காபைட்டுச் சுற்றுகளை ஆக்கவும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் ஆய்வுகூடம் பல ஆண்டுகளாக இத்தகைய ஆராய்ச்சிக்குப் பொருளுதவி அளித்து வருகிறது. மனித அறிவின் இந்த முயற்சியைக் கண்டு நாம் வியக்கிறோம். நெருப்பின் நடுவிலும் உண்மையைச் சொல்லும் ஒரு சாட்சியைப் படைப்பது எளிதான காரியமா?

ஆயினும், எமது மாணாக்கர் சொன்னவற்றுள் எமது நெஞ்சில் தைத்தது வேறொன்று.

"வெப்பவிணையும் காலப்போக்கில் பொய் சொல்லத் தொடங்கும், சேர். சூட்டில் கிடந்து கிடந்து அதன் உலோகமே மாறிவிடும். அதனால் முக்கியமான இடத்தில் ஒரே உணரியை நம்புவதில்லை. மூன்று வைப்போம். மூன்றில் இரண்டு ஒரே செய்தியைச் சொன்னால் பொறி அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளும். ஆபத்து என்று இரண்டு சொல்லிவிட்டால், எவரிடமும் கேளாமல் பொறி தானாகவே நின்றுவிடும்."

மூன்றில் இரண்டு சாட்சி போதும்! கோடிக்கணக்கான ரூபாவை நட்டப்படுத்தி ஒரு பொறியை நிறுத்துவதற்கு இரண்டு கம்பித் துண்டுகளின் வாக்குமூலம் போதுமாயிருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுதும் இருளில் மூழ்கியது என்று அதிகாரிகள் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை அது. அந்த அதிர்ச்சி புத்தளக் கரையை எட்டியதும் நுரைச்சோலையின் மூன்று பொறிகளும் நின்றுவிட்டன. அடுத்த நாட்களில் மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு குரங்கின் கை பட்டதை உணரும் வல்லமை அப்பொறிகளுக்கு உண்டு. வேலிக்கு அப்பால் ஒரு தாய் இருமுவதை உணரும் நரம்பு மட்டும் அவற்றில் பொருத்தப்படவில்லை.

சிலர் இதற்கு மறுப்புக் கூறுவர். புகைபோக்கியிலும் உணரிகள் உண்டே, கந்தக வாயுவையும் துகளையும் அளப்பதற்குக் கருவிகள் உள்ளனவே என்பர். உண்மைதான். இக்காலத்து நிலையங்களில் அத்தகைய கருவிகள் பொருத்துவது வழக்கம். ஆனால், பௌதிகவியல் படித்த மாணவர் எவரும் இதனை ஒரு கணத்தில் விளங்கிக்கொள்வர்: திறந்த வெளியில் குவிந்திருக்கும் நிலக்கரியிலிருந்தும் சாம்பல் மேட்டிலிருந்தும் பறக்கும் தூள் புகைபோக்கி வழியே செல்வதில்லை. அங்குள்ள உணரி எத்துணை நுட்பமானதாயினும், தன்னைக் கடந்து செல்லாத தூளுக்குச் சாட்சி சொல்ல அதனால் இயலாது. அளவுகோலை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவன், எது உண்மை என்பதையும் பாதி தீர்மானித்துவிடுகிறான்.

இஃது இன்று தோன்றிய வழக்கமன்று. நிலக்கரியின் வரலாறு முழுவதிலும் இது தொடர்ந்து வந்திருக்கிறது. 1815இல் ஹம்பிரி டேவி சுரங்கத் தொழிலாளருக்காகப் பாதுகாப்பு விளக்கொன்றை ஆக்கினார். தீப்பற்றும் வாயு இருந்தால் அதன் சுடர் நிறமும் உயரமும் மாறும். ஒருவகையில் அதுவும் உணரியே. தொழிலாளரைக் காக்க வந்த அந்த விளக்கைக் கையில் கொடுத்து, அபாயம் மிகுந்தவையென்று முன்பு கைவிடப்பட்டிருந்த அடுக்குகளிலும் அவர்களையே இறக்கினார்கள் முதலாளிகள். பின்னர் நச்சுவாயுவை அறிய மஞ்சட் குருவிகளைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துள் கொண்டு சென்றார்கள். குருவி சாய்ந்தால் மனிதர் வெளியேறலாம். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டு வரை அக்குருவிகள் வேலை பார்த்தன. குருவி சாய்ந்தபோது, அதன் ஆதாரம் என்ன என்று எவரும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை.

கடல் கடந்து நெய்வேலியைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு மே 7ஆம் திகதியும், இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் ஜூலை 1ஆம் திகதியும், அங்குள்ள இரண்டாவது அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களில் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை விபத்தில் அன்றே அறுவர் மாண்டனர். பின்னர் மருத்துவமனையில் மேலும் பலர் உயிர்நீத்தனர். மாண்டவருள் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். பழுப்பு நிலக்கரியை எரிக்கும் அந்த நிலையத்திலும் நூற்றுக்கணக்கான உணரிகள் இருந்திருக்கும். ஆனால், பொறி எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதைச் சொல்லும் கருவி, அதனருகே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. அதனைச் சொல்ல வேண்டியது கருவியல்ல, நிருவாகம்.

அளவீடு மக்கள் பக்கம் திரும்பினால் என்ன நிகழும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரைப் புகைப்பனி மூடியது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் பன்னீராயிரம் என்கின்றன. அந்நாட்களில் காற்றிலிருந்த புகையின் அளவும் நாள்தோறும் மாண்டவர்களின் தொகையும் ஒரே வரைபில் அருகருகே வைக்கப்பட்டபோது இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அதற்குப் பின் எவராலும் மறுக்க முடியவில்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை புதிதன்று, நூற்றாண்டுகளாக இருந்தது. அதை எண்ணாக மாற்றி மக்கள் முன் வைத்ததே புதிது.

எனவே அன்று மாலை, அந்த உம்மாவின் முற்றத்தில், நாங்கள் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆதாரம் கேட்கிறார்கள், கொடுப்போம். அதற்குப் பிளாற்றினக் கம்பி வேண்டியதில்லை. பாடசாலை ஆய்வுகூடமே போதும்.

முறை மிக எளியது. வாய் அகன்ற ஒரு பாத்திரத்தை, நிலத்திலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே, மரநிழல் படாத வெளியில் முப்பது நாட்களுக்கு வைத்தல் வேண்டும். பின்னர் அதில் விழுந்திருப்பதைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி வடிகட்ட வேண்டும். கடலுப்பு நீரோடு போய்விடும்; கரையாத பகுதி வடிதாளில் தங்கும். அதனை உலர்த்தி நிறுத்து, பாத்திரத்தின் வாய்ப் பரப்பால் பிரித்தால் ஒரு சதுர மீற்றரில் ஒரு மாதத்தில் விழுந்த தூளின் நிறை கிடைக்கும். அந்தத் தூளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால் மாணவர்களே வேறுபாட்டைக் காண்பர். நிலக்கரி கறுத்த, கூர்விளிம்புத் துண்டுகளாகத் தோன்றும். மணல் ஒளி ஊடுருவும் மணியாகத் தோன்றும். உலையில் உருகிப் பறந்த சாம்பலோ சிறிய கண்ணாடி உருண்டைகளாகத் தோன்றும். உலையின் சூட்டைத் தாண்டி வந்த பொருள் என்பதற்கு அந்த உருண்டை வடிவமே சாட்சி.

நுண்துகளை ஒளிச்சிதறலால் அளக்கும் மலிவான உணரிகளும் இப்போது கிடைக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் 2.5 மைக்கிரோமீற்றருக்குட்பட்ட துகளுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீற்றரில் 5 மைக்கிரோகிராம் என எல்லை விதித்தது. இலங்கையில் 2008இல் விதிக்கப்பட்ட ஆண்டு எல்லை 25. ஆனால் கடற்கரையில் இவ்வுணரிகளை அப்படியே நம்பிவிடலாகாது. ஈரக் காற்றில் உப்புத் துளிகள் ஊதிப் பருத்து, இல்லாத தூளையும் இருப்பதாகக் காட்டும். கொதிகலனுள் மட்டுமன்று, உப்புக் கரையிலும் உணரி பொய் சொல்லும். ஆகவே இங்கும் ஒன்றுக்கு மூன்றாக வைப்போம். காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்று, காற்று செல்லும் பக்கத்தில் ஒன்று, தொலைவிலுள்ள வேறொரு பாடசாலையில் ஒன்று. சோளகத்திலும் வாடையிலும் அளப்போம். எமக்குச் சாதகமில்லாத எண் வந்தாலும் அதனையும் எழுதி வைப்போம். உழைக்கும் மக்களின் வழக்குக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை.

எண்கள் சேரட்டும். நிலக்கரிக் குவியலில் நீர் தெளித்தல், காற்றைத் தடுக்கும் வேலி எழுப்புதல், சாம்பலை மூடிய ஊர்திகளில் ஏற்றுதல், மரங்கள் நடுதல் முதலிய பரிகாரங்கள் உலகம் அறிந்தவையே. அவை எந்த அளவுக்குச் செய்யப்படுகின்றன, போதுமானவையா என்பதை இனி ஊர் தன் கையிலுள்ள பதிவேட்டைக் கொண்டே கேட்கலாம். புகைபோக்கியின் அளவீடுகளும் வேலிக்கு வெளியே ஒரு பலகையில், தமிழிலும் சிங்களத்திலும், நாள்தோறும் எழுதப்பட வேண்டும் என்று கேட்கலாம். வெங்காயம் விற்பவனுக்கும் வலை இழுப்பவனுக்கும் விளங்கும் எழுத்தில் அது இருத்தல் வேண்டும்.

புறப்படும்போது உம்மா வாசல்வரை வந்தார். "என்ன பேர் என்று கேட்டனே, மாஸ்டர், நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

"அடுத்த ஆண்டு உங்கள் மகனின் மாணவர்கள் சொல்வார்கள், உம்மா" என்று மட்டும் நாம் சொன்னோம்.

இவ்வாண்டு சோளகம் தொடங்கியபோது அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பாடசாலைக் கூரையில் ஒன்றும், தோட்டத்தில் ஒன்றும், களப்புக் கரையில் ஒன்றுமாக மூன்று பாத்திரங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. பதிவேட்டின் முதற் பக்கத்தில் மாணவி ஒருத்தி தலைப்பு எழுதியிருக்கிறாளாம். திகதி, காற்றின் திசை, தூளின் நிறை என்று மூன்று நிரல்கள். நான்காவது நிரலை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கோடிட்டுக்கொண்டாள். அன்று பாடசாலைக்கு வராமல் இருமலோடு வீட்டிலிருந்த பிள்ளைகளின் தொகையை எழுதுவதற்கான நிரல் அது.